கட்டைப் பிரிக்காத மாப்பிள்ளை

டாக்டர் பேசும்போது நாம் எல்லோருமே தலையாட்டுகிறோம். அந்தத் தலையாட்டலுக்கும் காதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கழுத்து தன்பாட்டுக்கு ஆடும்; மூளை வாசலில் உட்கார்ந்து செருப்பைக் காவல் காத்துக்கொண்டிருக்கும். படியிறங்கி ஆட்டோவில் ஏறிய பிறகுதான் பக்கத்தில் இருப்பவரிடம், "அவங்க இன்னா சொன்னாங்க?" என்று கேட்போம். அவரும் தலையாட்டிவிட்டு வந்தவர்தான்.

அப்படி நான் ஆட்டிய ஒரு தலையாட்டலால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. இன்றைக்கு என் மனைவியின் குடும்பத்தில் எந்த விசேஷம் நடந்தாலும், பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் அந்தக் கதையைத்தான் எடுப்பார்கள். அவர்கள் சொல்வதில் பாதி புளுகு. அதனால் மீதிப் பாதியை நானே எழுதிவிடுகிறேன்.

எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் நிச்சயமாகி, ராயபுரம் கோயிலில் முதல் ஓலை வாசித்திருந்த நேரம். (தெரியாதவர்களுக்காக: எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசைகளில் பெண், மாப்பிள்ளை பெயர்களை வாசிப்பார்கள். இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கலாம் என்று ஊரையே கேட்பார்கள். அதற்குப் பெயர் ஓலை. அந்த மூன்று வாரமும் மாப்பிள்ளை குனிந்த தலை நிமிராமல் நடமாட வேண்டும்.)

என் வேலை கன்டெய்னர் சர்வே. திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு. சரக்கு ஏற்றுவதற்கு முன்னால் காலிப் பெட்டிக்குள் நான் நுழைவேன். வெளியே இருப்பவர் கதவைச் சாத்துவார். கும்மிருட்டு. எங்காவது துளி வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை என்று அர்த்தம். வெளிச்சம் நுழைகிற இடத்தில் மழைத்தண்ணீர் நுழையும், கடல் தண்ணீர் நுழையும். உடனே அந்த ஓட்டையை அடைக்க வேண்டும். பெரிய ஓட்டைக்கு வெல்டிங், சின்ன ஓட்டைக்கு அகலமான சில்வர் டேப்பு. ஆணி முனை அளவு ஓட்டையை ஒருவர் கவனிக்காமல் விட்டதால் ஒரு பெட்டி பனியன் முழுக்கப் பூசணம் பூத்துத் திரும்பி வந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்த வேலையில் நாலைந்து வருடம் இருந்தால் மனிதனுக்குத் தண்ணீர்மேல் ஒரு சந்தேகம் வந்துவிடும். எனக்கு வந்திருந்தது.

அப்படி ஒருநாள் சாத்திய பெட்டிக்குள் நின்று அண்ணாந்து ஓட்டை தேடிக்கொண்டிருந்தபோதுதான் வலது பக்க அடிவயிற்றில் அந்த வலி வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெளியே இருந்தவர் நான் வெகுநேரம் வராததைப் பார்த்து, "இன்னாபா, உள்ள அவ்ளோ ஓட்டையா கீது?" என்று சந்தோஷமாகக் குரல் கொடுத்தார். நான் உள்ளிருந்து முனகினேன். கதவைத் திறந்து பார்த்தபோது ஓட்டை என் பக்கம்தான் இருந்தது. குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்ததாம். ராயபுரத்திலேயே ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்து, அன்றைக்கே வயிற்றைக் கிழித்து எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா வந்து நிதானமாகச் சொன்னார். சின்ன உருவம், மெல்லிய குரல். "தையல் தானா கரையுற தையல். காயம் நல்லா இருக்கு. ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு நாள் ஆனதும், அதாவது நாளைக்குக் காலையில, மேல இருக்கிற கட்டை நீங்களே மெதுவா எடுத்துடுங்க. அதுக்கப்புறம் மூட வேண்டாம், காத்தோட்டமா விடுங்க. குளிக்கலாம். தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது. தேய்க்காம, சுத்தமான துணியால ஒத்தி எடுங்க. சரியா?"

தலையாட்டினேன். அம்மாவும் ஆட்டினார். டாக்டரம்மாவுக்கு நம்பிக்கை வந்து அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

என் காதில் உண்மையில் விழுந்தவை இரண்டே சொற்கள். ஒன்று 'எடுத்துடுங்க'. இன்னொன்று 'தண்ணி'. இரண்டும் சேர்ந்து வயிற்றைக் கலக்கின. (அந்த நிலையில் வயிற்றைக் கலக்குவது நல்லதல்ல.) உள்ளே கத்தி வைத்துக் கிழித்திருக்கிறார்கள், வெளியே வெள்ளையாக ஒரு கட்டு இருக்கிறது. அந்தக் கட்டுதான் எல்லாவற்றையும் உள்ளே பிடித்துவைத்திருக்கிறது என்று நான் மனதார நம்பினேன். அதைப் பிரித்தால் என்ன ஆகும்? கதவுத் தாழ்ப்பாளைத் தட்டிவிட்டால் சாய்ந்து நிற்கிற மூட்டைகள் என்ன ஆகுமோ அதுதான் ஆகும் என்று எனக்குத் தோன்றியது. பிளஸ் டூவில் உயிரியல் எடுத்துப் படித்தவன் நான் என்பதையும் இங்கே வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலையில் அம்மாவிடம், "கட்ட எடுக்க சொன்னாங்களேம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"டாக்டரு ஆயிரம் சொல்லுவாங்க நைனா. நாளைக்கு ஒண்ணுன்னா அவங்களா வந்து பாப்பாங்க? தண்ணி பட்டா சீயி வைக்கும். ஒயுங்கா அப்டியே கெட" என்றார் அம்மா.

எனக்கு வேண்டிய பதில் அதுதான். ஆனால் சென்னை மே மாதம். குளிக்காமலும் இருக்க முடியாது. கட்டு நனையாமல் குளிக்க என்ன வழி என்று யோசித்தேன். யோசிக்க என்ன இருக்கிறது? தண்ணீர் புகாமல் அடைப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம் தருகிறார்கள்! வேலைப் பையில் சில்வர் டேப்பு இருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டை அப்படியே விட்டு, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்து, நாலு ஓரமும் டேப்பு ஒட்டினேன். ஓரம் தூக்கிக்கொண்டது. தூக்காமல் இருக்க இடுப்பைச் சுற்றி ஒரு சுற்று சுற்றினேன். ஒரு சுற்றில் எனக்கு நம்பிக்கை இல்லை. மேலும் கீழும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி, யார்டில் செய்வது போலவே, இழுத்து இழுத்துச் சுற்றினேன். முடித்ததும் கண்ணாடியில் பார்த்தேன். மார்புக்குக் கீழே பளபளவென்று இருந்தது. ஒரு பக்கெட் தண்ணீரை வயிற்றின்மேல் ஊற்றினேன். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. தொழில்காரன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

தண்ணீர் உள்ளே போகாத வழியில் வேர்வையும் வெளியே வராது என்பது எனக்குத் தோன்றவில்லை. அதன் பிறகு தினமும் வேர்வை உள்ளேயே ஊறியது. அரித்தது. மேலோடு சொறிந்தால் டேப்புதான் சொறிபட்டது. மின்விசிறிக்கு நேரே நின்றால் முகம் குளிர்ந்தது, வயிறு வெந்தது. ஓரம் எங்கே இளகினாலும் அங்கே இன்னொரு துண்டு ஒட்டினேன். நடந்தால் சரக் சரக்கென்று சத்தம் கேட்டது. அம்மா அந்தச் சத்தத்தை வைத்தே நான் எந்த அறையில் இருக்கிறேன் என்று கண்டுபிடித்துவிடுவார்.

இரண்டாவது ஓலையும் வாசித்து முடிந்த இந்தச் சமயத்தில்தான் லூர்து அக்கா என்னைப் பார்க்க வந்தார். எங்கள் தெருக்காரர், பெண் வீட்டுக்குத் தூரத்து உறவு. இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவரே அவர்தான். கையில் ஒரு பை நிறைய ஆப்பிளும், பேக்கரியில் வாங்கிய பிளம் கேக்கும்.

"ஆபரேசன் ஆயி இத்தினி நாளாச்சே, இன்னும் கட்டா போட்டுகினு கீற?" என்றார், சட்டைக்குள் புடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து.

"அதெல்லாம் பிரிக்கல லூர்து. பத்ரமா வச்சினு கீறான்" என்றார் அம்மா, ஏதோ நகையைப் பற்றிச் சொல்வது போலப் பெருமையாக.

லூர்து அக்கா கேக்கை வெட்டி நீட்டினார். வேண்டாம் என்றேன். டீ வந்தது. "எனக்கு சர்க்கரை போடாதம்மா" என்றேன். இதற்கு ஒரு நேர்மையான காரணம் இருந்தது. கல்யாணக் கோட்டுக்கு அளவெடுத்த டெய்லர், பட்டன் போடும்போது மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். இழுத்தேன். இன்னும் இழுங்க என்றார். அன்றைக்கு விட்டதுதான் இனிப்பு. ஆனால் அதை லூர்து அக்காவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து பாத்ரூம் போனேன். திரும்பி வந்து உட்கார்ந்து, மறுபடி போனேன். (டேப்பு அவ்வளவு இறுக்கம்.)

ஆறாத புண், சர்க்கரை இல்லாத டீ, அடிக்கடி பாத்ரூம். லூர்து அக்கா மருத்துவம் படிக்கவில்லை. ஆனால் எங்கள் பகுதியில் வீட்டுக்கு ஒருவருக்காவது சுகர் இருக்கிறது. அதன் லட்சணங்கள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எழுந்து, ஆப்பிளை மட்டும் வைத்துவிட்டு, கேக்கைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார். அது ஏன் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் ஸ்டெல்லா போன் செய்தாள். வண்ணாரப்பேட்டையில் ஒரு மொத்த விலைத் துணிக்கடையில் அவளுக்குக் கணக்கு எழுதும் வேலை. கடை முடிந்து மெட்ரோவுக்கு நடக்கிற நேரம் எனக்கானது. எப்போதும், "சாப்டியா?" என்று ஆரம்பிப்பவள் அன்றைக்கு வேறு மாதிரி ஆரம்பித்தாள்.

"உன் கால் வெரலு எல்லாம் ஒயுங்கா கீதா?"

"கீதே. ஏன்?"

"எண்ணிப் பாத்துச் சொல்லு."

எண்ணிப் பார்த்தேன். முழுசாக இருந்தன. சொன்னேன்.

அவள் மூச்சு விடும் சத்தம் கேட்டது. ராயபுரத்தில் சுகராகக் கிளம்பிய செய்தி திருவொற்றியூரில் அவள் வீட்டை அடைவதற்குள், எனக்குச் சின்ன வயதிலிருந்தே சுகர் என்றும், புண் அழுகிவிட்டது என்றும், குடல்வால் என்று பொய் சொல்லிக் கால் விரலை எடுத்துவிட்டார்கள் என்றும் வளர்ந்திருந்தது.

"எனக்கு சுகரே இல்ல ஸ்டெல்லா."

"அப்போ ஏன் கட்டு பிரிக்கல?"

குடல் வெளியே வந்துவிடும் என்று பயம் என்று கல்யாணம் செய்துகொள்ளப் போகிற பெண்ணிடம் எப்படிச் சொல்வது? "அது... சும்மாதான், ஒரு சேஃப்டிக்கு" என்றேன். அந்தப் பதில் எனக்கே நம்பும்படியாக இல்லை.

"சுகர் கீறது ஒண்ணும் தப்பில்ல. எங்க அப்பாவுக்கே கீது. மறைச்சிருந்தாதான் தப்பு" என்றாள். "அப்பா நாளைக்கு வராரு. நீ மறைச்சிருந்தா மூணாவது ஓலைய நிறுத்த சொல்லி ஃபாதராண்ட பேசப் போறன்னு சொல்லிகினு கீறாரு. ஞாயித்துக்கிழமைக்கு நடுவுல ஒரு நாளுதான் கீது, தெரியுமா உனக்கு?"

போனை வைத்துவிட்டாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. கடை வாசலிலிருந்து மெட்ரோ வரைக்கும் அவள் பேசுகிற பேச்சுக்காகத்தான் நான் ஒவ்வொரு பகலையும் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணை ஒரு பிளாஸ்டிக் கவருக்காகவும் டேப்புக்காகவும் இழக்கப்போகிறோமே என்று நினைத்தபோது உண்மையாகவே கண் கலங்கியது. வருகிறது வரட்டும், பிரித்து ஆறிய காயத்தைக் காட்டிவிடலாம் என்று முடிவு செய்து, டேப்பின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். வயிற்று முடி அதோடு வந்தது. விட்டுவிட்டேன். கடல் காற்றிலும் மழையிலும் இரும்பை விடாமல் பிடித்துக்கொள்ளச் செய்த டேப்பு அது. என்னைப் போன்ற கோழைக்கெல்லாம் அசைந்து கொடுக்காது.

மறுநாள் காலையில் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். ஸ்டெல்லாவின் அப்பா, அல்போன்ஸ் மாமா. துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ரிடையரானவர். பெரிய பெரிய கப்பலையெல்லாம் கயிறு கட்டி இழுத்து வந்த மனிதர். ஒரு மாப்பிள்ளையை இழுத்துப் போவது அவருக்கு ஒரு வேலையே இல்லை. உட்காரவில்லை. காபி வேண்டாம் என்றார்.

"கெளம்பு மாப்ள. டாக்டராண்ட போயி பாத்துட்டு வந்துர்லாம். அவங்க வாயால கேட்டுட்டன்னா நானு நிம்மதியா பூடுவேன்."

"மாமா, ஒண்ணுமில்ல மாமா, நானே..."

"ஒண்ணுமில்லன்னா வர்றதுக்கு இன்னா பேஜாரு?"

பின்னால் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்லக்கூடாது. மடங்க முடியாததால் ஏற்றப்பட்டேன். அந்த ரோட்டில் டிரெய்லர் லாரிகள் போட்ட பள்ளங்கள் ஒவ்வொன்றிலும் வண்டி இறங்கி ஏறும்போது என் இடுப்பிலிருந்து சரக் என்று சத்தம் வந்தது. இரண்டு மூன்று முறை மாமா வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, சைலன்சரைக் குனிந்து பார்த்தார்.

டாக்டரம்மா அறையில் என்னைப் படுக்கச் சொன்னார்கள். மாமாவை வெளியே இருக்கச் சொல்லலாமா என்பது போல டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். "இருக்கட்டும் டாக்டர்" என்றேன்.

சட்டையைத் தூக்கினேன்.

டாக்டரம்மா கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"இது யார் போட்டது?" என்றார் டாக்டரம்மா, அதே மெல்லிய குரலில்.

"நான்தான் டாக்டர்."

"எதுக்கு?"

"தண்ணி போகாம இருக்க."

"நான் போட்ட கட்டு எங்கே?"

"உள்ளே பத்திரமா இருக்கு டாக்டர்."

"எங்கே வேலை பார்க்கறீங்க?"

சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு ஒரு நர்ஸைக் கூப்பிட்டார். அந்த நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு இன்னும் இருவரைக் கூட்டி வந்தார். (உதவிக்குத்தான் என்று இன்றுவரை நம்ப முயல்கிறேன்.)

கத்தரிக்கோல் உள்ளே நுழையவில்லை. நுழைய இடமில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் அவர்கள் முடி மழித்திருந்தது ஒரு தோசைக்கல் அளவு இடம்தான். நான் சுற்றியிருந்ததோ இடுப்பு முழுவதும், முதுகு உட்பட. ஏதோ எண்ணெயை ஓரத்தில் தடவி, ஊறவைத்து, விரல் விரலாக இழுக்க ஆரம்பித்தார்கள். முதல் இழுப்பில், "மாதாவே!" என்று கத்தினேன். இரண்டாவது இழுப்பில் எனக்குத் தெரிந்த எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டேன். முதுகுப் பக்கம் வந்தபோது நான் கூப்பிட்டவர்கள் புனிதர்கள் அல்ல. வெளியே காத்திருந்தவர்களில் ஒரு பெரியவர் எழுந்து, "எனக்கு இப்ப வலியே இல்லம்மா, அப்பால வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். மாமா என் தோள் இரண்டையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆடாத மாப்ள, ஆடாத, வந்துட்ச்சி, கரைக்கு வந்துட்ச்சி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் மொத்தமும் ஒரு பெல்ட்டாக வந்தது. வாடையும் வந்தது. ஒரு நர்ஸ் ஜன்னலைத் திறந்தார். இன்னொருவர் மின்விசிறியைக் கூட்டினார். என் இடுப்பைச் சுற்றித் தோல் ஊறி வெளுத்து, வேர்க்குருவும் சிவப்புத் தடிப்புமாகக் கலீஜாக இருந்தது. ஆனால் நடுவில், அந்தக் காயம் மட்டும், மெல்லிய கோடாக, அழகாக ஆறியிருந்தது. எனக்கே ஆச்சரியம்.

"நல்ல வேளை. இவ்வளவு ஈரத்துல இது சீழ் வச்சிருக்கணும். உங்க உடம்புக்கு உங்களை விட விவரம் அதிகம்" என்றார் டாக்டரம்மா. "நான் சொன்னப்போ தலையாட்டினீங்களே?"

"ஆட்டினேன் டாக்டர்."

"ஏன் எடுக்கலை?"

இனி மறைக்க உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. "கட்டை எடுத்தா குடல் வெளியே வந்துடும்னு பயமா இருந்தது" என்றேன். நர்ஸ்கள் மூவரும் ஒரே சமயத்தில் சுவர்ப்பக்கம் திரும்பினார்கள். தோள்கள் குலுங்கின.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. அதற்காக அவருக்கு இன்றும் மனதுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "பாருங்க தம்பி. கட்டு எதையும் பிடிச்சு வைக்கலை. உள்ளே அடுக்கடுக்காத் தச்சிருக்கு. பிடிச்சிருக்கிறது அந்தத் தையல். மேலே தோலோட ரெண்டு ஓரமும் முதல் ரெண்டு நாள்லயே ஒட்டிக்கும். அதுவரைக்கும் அழுக்குப் படாம இருக்கத்தான் கட்டு. ஒட்டினதுக்கு அப்புறம் உங்க தோல்தான் மூடி. அதுக்கு மேல இன்னொரு மூடி போட்டு ஈரத்தை அடைச்சா, உள்ளே கிருமிக்குத்தான் கொண்டாட்டம்."

"எல்லா ஆபரேஷனுக்கும் ரெண்டு நாள்தானா டாக்டர்?" என்று கேட்டேன். மானம் போன பிறகு வருகிற தெளிவு தனி.

"இல்லை. காயத்துல நீர் வடிஞ்சா, திறந்த புண்ணா இருந்தா, வேற மாதிரி பண்ணுவோம். யாருக்கு எப்போன்னு தச்சவங்க சொல்வாங்க. அதைக் கேட்டுக்கோங்க. புரியலைன்னா புரியலைன்னு சொல்லுங்க. சிவந்து வீங்குச்சுன்னா, சீழ் வந்துச்சுன்னா, காய்ச்சல் அடிச்சா, டேப்பு ஒட்டாம ஓடி வாங்க."

ஓரமாக நின்ற மாமா தொண்டையைக் கனைத்தார். "டாக்டரம்மா, ஒண்ணே ஒண்ணு. இவருக்கு சக்கர கீதா?"

"ஆபரேஷனுக்கு முன்னாடியே பார்த்தோம், இல்லை. இவர் சம்மதிச்சா இப்பவும் பார்க்கலாம்" என்று என்னைப் பார்த்தார். விரலை நீட்டினேன். அவ்வளவு டேப்பு உரிந்த பிறகு அந்த ஊசி எனக்குத் தெரியவே இல்லை. கருவியில் வந்த எண்ணைப் பார்த்து, "சுத்தமா இல்லை" என்றார்.

மாமா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்னைப் பார்த்தார். தரையில் கிடந்த அந்த சில்வர் பெல்ட்டைப் பார்த்தார். முடியோடு சேர்த்துச் சுருண்டு கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓலை, ஸ்டெல்லா, கோட்டு எல்லாம் அவர் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் இருந்தன. எனக்கு அரிப்பு, எரிச்சல் எல்லாம் மறந்துபோனது.

"அப்போ சரி" என்றார் கடைசியில். "சக்கரயும் இல்ல, மூளயும் இல்ல. சக்கர இல்லாத வரிக்கும் போதும். மூளய எம்பொண்ணு பாத்துக்கும்."

டாக்டரம்மா அப்போதுதான் சிரித்தார். சிரிப்பென்றால் மேஜையில் தலை சாய்த்துச் சிரித்தார்.

மூன்றாவது ஓலை ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப்பட்டது. தடை ஏதாவது தெரிந்தால் தெரிவிக்கலாம் என்று ஃபாதர் சொன்ன இடத்தில், முன்வரிசையில் இருந்த அல்போன்ஸ் மாமாவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அதை இருமலாக மாற்றப் பார்த்துத் தோற்று, கைக்குட்டையை வாயில் வைத்தபடி வெளியே ஓடினார். ஃபாதர் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவர் போன திசையையே கவலையோடு பார்த்தார். ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள், முக்காடு ஆடிக்கொண்டிருந்தது. கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. கோட்டுப் பட்டன் கூடச் சிரமமில்லாமல் போட வந்தது. இடுப்பைச் சுற்றி முடியில்லாத அந்தப் பட்டை மட்டும் மறைய வெகுகாலம் ஆனது. அதைப் பார்த்துவிட்டு என் மனைவி முதன்முதலாகச் சிரித்த சிரிப்பைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

அதன் பிறகு அந்தக் கதை மாமாவின் சொத்தாகிவிட்டது. விசேஷ வீடுகளில் ஆட்களைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு சொல்வார். சொல்லச் சொல்ல டேப்பு நீளும். ஒரு பெயர் சூட்டு விழாவில் என்னைப் பிரிக்க கிரேன் வந்தது. ஆனால் முடிவு மட்டும் மாறாது. "சக்கரயும் இல்ல" என்று அவர் நிறுத்துவார், மொத்தக் கூட்டமும், "மூளயும் இல்ல!" என்று முடித்துவைக்கும். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. நானும் சேர்ந்து கத்துவேன். என்னை மாப்பிள்ளையாக ஏற்றுக்கொண்ட வாக்கியம் அல்லவா!

போன வருடம் மாமாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். சுகர்க்காரர் என்பதால் கூடுதலாகக் கவனித்தார்கள். கட்டு எடுக்கச் சொன்ன நாளன்று நான் யார்டில் இருந்தேன். ஸ்டெல்லா போன் செய்தாள். "நர்ஸு, டாக்டரு யாரையும் அப்பா கிட்ட சேக்க மாட்டேங்கறாரு. நீ வந்தாதான் எடுப்பாராம். சீக்கிரம் வா."

ஹெல்மெட்டும் பூட்ஸுமாகவே ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாமா எல்லோரையும் வெளியே அனுப்பச் சொன்னார். கதவு சாத்தியதும் என் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார். பெரிய பெரிய கப்பல்களை இழுத்த கை அது.

"டாக்டரு சொல்றது கரீட்டுதான் மாப்ள. ஆனா இது மட்டும்தான் புட்ச்சிகினு கீதோன்னு ஒரு டவுட்டு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த டவுட்டை எனக்கு நன்றாகத் தெரியும். கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு, உள்ளே வரும் முன் நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி, ஓரத்தை லேசாக நனைத்து, தோலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

"ஏதனா வெளிய வந்துதா?"

"ஒண்ணும் வரல மாமா. நல்லா ஒட்டிகினு கீது."

ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். பெரிதாக மூச்சு விட்டார். பெல்ட்டை விடவில்லை. "ஸ்டெல்லாவாண்ட சொல்லாத."

வெளியே வந்ததும் ஸ்டெல்லா, "அப்பா பயந்துட்டாரா?" என்று கேட்டாள்.

"உங்கப்பாவா? சும்மா பேசிகினு இருந்தோம்" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவைப் பார்க்க உறவுக்காரர்கள் வீடு நிறைய வந்திருந்தார்கள். யாரோ ஒரு சின்னப் பெண், "தாத்தா, டேப்பு கதை சொல்லு" என்றாள். மாமா தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஸ்கூட்டர் சத்தம், நர்ஸ்கள், பெல்ட் என்று வழக்கம்போல வெளுத்து வாங்கினார். கூட்டம் கடைசி வரிக்காகக் காத்திருந்தது. மாமா என்னை ஒருமுறை பார்த்தார்.

"டாக்டரம்மா சொன்னாங்க, மாப்ளைக்கு சக்கர இல்லன்னு. அவ்ளோதான் கத" என்று சொல்லிவிட்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.